கழிவுநீர்க் கசடும் தண்ணீர் நின்ற வயலும்: கேள்வி பதில்

கேள்வி: நகராட்சிச் சுத்திகரிப்பு நிலையத்துக் கசடு இலவசமாகக் கிடைக்கிறது. வயலில் கொட்டினால் மண்ணில் உள்ள பாக்டீரியா செத்துவிடுமா?

பதில்: முதலில் பெருகத்தான் செய்யும். மட்கும் பொருள், தழைச்சத்து, மணிச்சத்து எல்லாம் இருக்கிறதே, அவற்றுக்கு விருந்து. வம்பு அப்புறம்தான். இங்கிலாந்தின் வோபர்ன் சோதனை வயலில் 1942 முதல் 1961 வரை கசடு போட்டார்கள். நிறுத்தி இருபது வருடம் கழித்து அதே மண்ணில் வெள்ளைக் குளோவர் என்ற, பயறு இனத் தீவனச் செடியை விதைத்தபோது, வேர்முடிச்சுகள் சிறுத்து, வெளுத்துக் கிடந்தன. காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கவே இல்லை. துத்தநாகம், காட்மியம் போன்ற உலோகங்கள் மண்ணில் தங்கி, வேர்முடிச்சில் தங்கித் தழைச்சத்துப் பிடித்துத் தரும் ரைசோபியம் பாக்டீரியாவில் வேலை செய்கிற வகையை ஒழித்துவிட்டு, முடிச்சு மட்டும் போடத் தெரிந்த சோம்பேறி வகையை மிச்சம் வைத்திருந்தன. கசடு மட்கும், உலோகம் மட்காது. உளுந்தும் வேர்முடிச்சுப் பயிர்தான்; நெல்லுக்குப் பின் அதை விதைக்கிறவரானால், உலோக அளவுச் சான்று இல்லாமல் ஒரு கூடைகூட வாங்காதீர்கள்.

கேள்வி: ரைசோபியம் பாக்கெட் வாங்கிப் போட்டுச் சரிசெய்யலாமா?

பதில்: அந்த மண்ணில் அதுவும் நிலைக்காது.

கேள்வி: மழையில் வயல் பத்து நாள் மூழ்கிவிட்டது. நுண்ணுயிர் எல்லாம் போச்சா?

பதில்: போகவில்லை, ஆள் மாறியிருக்கிறது. ஓரிரு நாளில் ஆக்சிஜன் தீரும். பிறகு நைட்ரேட், மாங்கனீசு, இரும்பு, சல்ஃபேட் என்று வரிசையாக அவற்றைக் கொண்டு மூச்சுவிடும் கூட்டங்கள் தலையெடுக்கும். கடைசியில் மீத்தேன் வாயு உண்டாக்குகிறவை. நைட்ரேட் வாயுவாகிப் பறந்திருக்கும். நீர் வடிந்ததும் தழைச்சத்து கொஞ்சம் தேவைப்படும்.

கேள்வி: கசடு போட்டால் மண் கெடுமா?

பதில்: முதல் பதிலையே திரும்பப் படியுங்கள். உலோகச் சான்று கேளுங்கள்.

கேள்வி: தண்ணீர் நின்றால் காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாத சல்ஃபைடாகி அடங்கிவிடும் என்கிறார்களே. நெல்லுக்குத் தாராளமாகப் போடலாம்தானே?

பதில்: பாதி உண்மை. கதிர் முற்றும்போது நீரை வடிப்பீர்கள். காற்றுப் பட்டதும் சல்ஃபைடு உடையும், காட்மியம் நேராகத் தானியத்துக்குப் போகும்.

கேள்வி: அப்படியானால் வடிக்காமலே விடுகிறேன்.

பதில்: விடாக்கண்டர்தான் நீங்கள்! சரி, வடிக்காமலே வையுங்கள். இரும்பைக் கொண்டு மூச்சுவிடும் பாக்டீரியா மண்ணில் உள்ள இரும்புத் துருவைக் கரைக்கும்; அதில் ஒட்டியிருந்த ஆர்சனிக் என்ற நஞ்சு கிளம்பி வேருக்குப் போகும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது நீர் கட்டுவதும் காயவிடுவதுமாக மாற்றி மாற்றி விட்டால் ஆர்சனிக் குறையும், காட்மியம் ஏறும். இரண்டும் உள்ள மண்ணுக்குத் தண்ணீரால் வைத்தியம் இல்லை.

கேள்வி: சான்று வாங்கிவிட்டேன் ஐயா. ஈரப்பதம், தழைச்சத்து, மணிச்சத்து போட்டிருக்கிறது.

பதில்: அது உரச்சத்துச் சீட்டு. காட்மியம், துத்தநாகம், ஈயம், நிக்கல், குரோமியம் என்று ஒரு கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என எழுதியிருக்க வேண்டும். திரும்பப் போய்க் கேளுங்கள்.