ஜென்கின்ஸில் மட்டும் லைப்ரரியைக் காணவில்லையா?

தம்பி, கொக்குவிலில் உங்கள் லேப்டொப்பில் ஓடுகிற புரோகிராம், கோட்டைத் தானாகவே பில்ட் செய்து டெஸ்ட் பண்ணும் ஜென்கின்ஸில் பில்ட் முடிந்து டெஸ்ட் தொடங்கும்போது மட்டும் லைப்ரரி இல்லை என்று விழுகிறது என்கிறீர்கள். லிங்க் ஆகிவிட்டதால் லைப்ரரி இருக்கும் இடத்தைச் சொல்லும் 'மைனஸ் எல்' பாதையில் பிழையில்லை. அது பில்ட்டின்போது புரோகிராமை லைப்ரரியோடு இணைக்கும் லிங்கருக்கு மட்டும்தான். புரோகிராம் ஓடும்போது லைப்ரரியைத் தேடி ஏற்றுவது லோடர்.

லோடர் எங்கே தேடவேண்டும் என்று சொல்வது 'எல்டி லைப்ரரி பாத்'. முதல் படியில் நீங்கள் எக்ஸ்போர்ட் செய்த அது அடுத்த படிக்கு வராது. ஒவ்வொரு ஷெல் படியும் புது ஷெல். ஜென்கின்ஸ் படிகளை எழுதும் பைப்லைனின் என்விரோன்மென்ட் பகுதியில் வையுங்கள், போதும்.

எனக்குப் பிடித்தது, புரோகிராமுக்குள்ளேயே பதியும் தேடல் பாதையான ஆர்பாத்தில், புரோகிராம் இருக்கும் ஃபோல்டரைக் குறிக்கும் 'டொலர் ஒரிஜின்' கொடுப்பது. லைப்ரரியும் புரோகிராமும் சேர்ந்தே நகரலாம். ஒற்றை மேற்கோளுக்குள் போடுங்கள். இல்லாவிட்டால் ஷெல் அதை வெறுமையாக்கிவிடும். இதில் எனக்கு ஒரு முழுநாள் போனது. அப்புறம் டெஸ்டுக்கு முதல் வரியாக, புரோகிராமுக்கு வேண்டிய லைப்ரரிகளைக் காட்டும் 'எல்டிடி' ஓட்டி, 'நொட் ஃபவுண்ட்' என்று வருகிற வரியை இங்கே போடுங்கள், பார்ப்போம்.