ஜப்பானில் 90 லட்சம் வீடுகள் பூட்டிக் கிடக்க, புதிய வீடுகள் கட்டப்படுவது ஏன்?
2023ஆம் ஆண்டு அரசுக் கணக்கெடுப்பின்படி ஜப்பானில் ஏறத்தாழ 90 லட்சம் வீடுகள், அதாவது 13.8 விழுக்காடு, ஆளின்றி இருக்கின்றன. வாடகைக்கோ விற்பனைக்கோ காத்திருப்பவையும் இதில் அடங்கும் என்பதால், எல்லாமே கைவிடப்பட்டவை அல்ல. மக்கள்தொகைச் சரிவை எல்லோரும் சொல்வார்கள்; என் பார்வையில் வரிவிதிப்பே பெரிய முடிச்சு. வீடு நிற்கும் மனையில் முதல் 200 சதுர மீட்டருக்குச் சொத்து வரிக்கான மதிப்பு ஆறில் ஒரு பங்காகக் குறைக்கப்படுவதால், மறைந்த பெற்றோரின் வீட்டை, கூரை சரிந்து உள்ளே மூங்கில் முளைத்த பிறகும், இடிக்காமல் விடுவதே பிள்ளைகளுக்கு லாபம். 2015இல் நடைமுறைக்கு வந்த சட்டம், ஆபத்தான வீடுகளுக்கு அச்சலுகையை நீக்க வழிசெய்தது. மறுபுறம், மரவீட்டின் மதிப்பு இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் ஏறக்குறைய பூஜ்யமாகிவிடும் என்ற சந்தை வழக்கமும், 1981க்கு முந்தைய நிலநடுக்க விதிகளின்படி கட்டப்பட்டவை குறித்த அச்சமும் வாங்குவோரைப் புதுவீட்டின் பக்கமே தள்ளுகின்றன.