முழுத் திராட்சையும் ரம்புட்டானும் சாப்பாட்டுப் பெட்டியில் வரலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். 3 முதல் 5 வயது வரையான 18 பிள்ளைகள். போன கிழமை ஒரு பிள்ளைக்குத் திராட்சை தொண்டையில் சிக்கி, முதுகில் தட்டியதும் வெளியே வந்தது. இனித் திராட்சை, ரம்புட்டான், கச்சான் (நிலக்கடலை) எதுவும் வேண்டாம் என்றால், “சத்தான சாப்பாட்டைத்தானே தருகிறோம்” என்று தாய்மார் கோபிக்கிறார்கள். என்ன சொல்வது?

பதில்: டீச்சர், தாய்மார் சொல்வதும் நியாயம். பழத்தையும் கச்சானையும் நிறுத்தச் சொல்லாதீர்கள், வெட்டும் விதத்தை மாற்றச் சொல்லுங்கள்.

திராட்சை உருண்டையானது, வழுக்கும், நசுங்கியும் கொடுக்கும். சின்னப் பிள்ளையின் மூச்சுக்குழாய் வாயில் மூடி போட்டதுபோல் உட்கார்ந்துவிடும். அதை நீளவாக்கில் நான்காக வெட்ட வேண்டும். குறுக்கே வெட்டினால் வட்டம் வட்டமாகவே இருக்கும், பயனில்லை. சோசேஜுக்கும் இதே முறைதான்.

ரம்புட்டானில்தான் எனக்குக் கூடுதல் பயம். மல்வானைப் பழம் தெருவோரம் குவியும் காலத்தில் எல்லாப் பெட்டியிலும் அது வரும். சதை கொட்டையோடு ஒட்டியிருப்பதால் பிள்ளை கடிக்காமல் வாயில் போட்டு உறிஞ்சும். அப்போது சிரித்தால், பேசினால், கொட்டை பின்னால் வழுகிப் போகும். இலங்கையில் இப்படிப் பிள்ளைகள் இறந்தே இருக்கிறார்கள். சதையை வீட்டிலேயே சீவி, சிறு துண்டாக்கி அனுப்பட்டும். கொட்டையோடு வந்தால் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

முழுக் கச்சான் 5 வயதாகும்வரை வேண்டாம். இடித்துத் தூளாக்கி வாழைப்பழத்தில் தூவலாம், அல்லது விழுதாக அரைத்துப் பாணில் மெல்லியதாகப் பூசலாம். அதற்கு முன் வகுப்பில் யாருக்கும் கச்சான் ஒவ்வாமை உண்டா என்று கேட்டு எழுதி வையுங்கள். அவித்த கொண்டைக்கடலையை மசித்தும் கரட்டைத் துருவியும் தரலாம். டொபி, கப் ஜெலி இரண்டும் வேண்டவே வேண்டாம். அவற்றில் சத்தும் இல்லை.

பிள்ளைகள் உட்கார்ந்தே சாப்பிட வேண்டும். அந்த நேரம் ஒரு பெரியவர் வேறு வேலை பாராமல் அவர்களையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மூச்சடைத்த பிள்ளை சத்தம் போடாது.

ஏதாவது தொண்டையில் சிக்கி, பிள்ளை சத்தமாக இருமினால் இருமவே விடுங்கள், தட்ட வேண்டாம். இருமவோ அழவோ முடியாவிட்டால், முகம் நீலமாகும்வரை காத்திராமல், முன்னால் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தடவை பலமாக அடியுங்கள். வராவிட்டால் பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்கும் நெஞ்செலும்பின் நுனிக்கும் நடுவே மூடிய கைமுட்டியை வைத்து, உள்நோக்கி மேலாக 5 தடவை இழுங்கள். வெளியே வரும்வரை இரண்டையும் மாறி மாறிச் செய்ய வேண்டும். (ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு வயிற்றில் அல்ல, நெஞ்சில் அமுக்க வேண்டும்.) மற்றவர் உடனே 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைக்கட்டும். கண்ணுக்குத் தெரியாத துண்டை விரல் விட்டுத் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும். நினைவிழந்தால் தரையில் கிடத்தி நெஞ்சமுக்கம் தொடங்க வேண்டும். அதை வாசித்துப் பழக முடியாது. செஞ்சிலுவைச் சங்கத்திலோ சென். ஜோன் அம்புலன்ஸிலோ முதலுதவிப் பயிற்சிக்கு உங்கள் ஆசிரியைகள் எல்லோரும் போய் வாருங்கள்.

வயிற்றில் அமுக்கியிருந்தால், பிள்ளை தேறிவிட்டாலும் வைத்தியரிடம் காட்டுங்கள். புரைக்கேறிய பிறகு இருமலோ இழுப்போ நின்றுபோகாவிட்டாலும் பொரளை சிறுவர் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். கச்சான் துண்டு நுரையீரலில் தங்கியிருந்தால் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். ஆகவே, என்ன சாப்பிடும்போது புரைக்கேறியது என்பதைத் தாய் வைத்தியரிடம் சொல்லியே ஆக வேண்டும்.