உறைமண் இளகினால் கரிமம் என்னவாகும்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பெர்மாஃப்ராஸ்ட் எனப்படும் உறைமண்ணும் பனிப்பாறையும் ஒன்றுதானா?

பதில்: இல்லை. குறைந்தது 2 ஆண்டுகள் தொடர்ந்து 0 டிகிரி செல்சியசிலோ அதற்குக் கீழோ இருக்கும் நிலம் எதுவாயினும் உறைமண்தான். அதில் பனிக்கட்டி இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

கேள்வி: அந்த மண்ணில் அவ்வளவு கரிமம் (கார்பன்) சேர்ந்தது எப்படி?

பதில்: துருவக் கோடையில் மேல்மண் மட்டும் சிறிது இளகி, புல்லும் பாசியும் வளர்கின்றன. அவை மடிந்தபின், கடுங்குளிரில் நுண்ணுயிர்களால் முழுவதும் மட்கச் செய்ய இயலாததால், வேரும் தண்டும் ஆண்டுதோறும் மண்ணுக்குள் புதைந்து உறைந்துவிடுகின்றன. சைபீரியாவில் கோலிமா ஆறு அரித்தெடுக்கும் செங்குத்தான கரைகளில், பனியூழிக் காலத்துப் புல்வேர்களை மண்ணோடு மண்ணாக இன்றும் காணலாம். இவ்வாறு பல்லாயிரம் ஆண்டுகளாக வடபகுதி உறைமண் நிலங்களில் சேர்ந்த கரிமம் ஏறத்தாழ 1,500 பில்லியன் டன். வளிமண்டலத்தில் இப்போது இருப்பதைப் போல் இது சுமார் இருமடங்கு.

கேள்வி: இளகும்போது வெளிவருவது மீத்தேனா, கார்பன் டை ஆக்சைடா?

பதில்: இரண்டும்தான், எது எவ்வளவு என்பதை நீரே தீர்மானிக்கிறது. நீர் வடிந்து காற்றுப் புகும் மண்ணில் நுண்ணுயிர்கள் கார்பன் டை ஆக்சைடை வெளியிடுகின்றன. மண்ணுக்குள் இருந்த பனிக்கட்டி உருகி, நிலம் அமிழ்ந்து, அங்கே ஏரி உருவானால், ஆக்சிஜன் இல்லாத அடிச்சேற்றில் மீத்தேன் உண்டாகிறது. குளிர்காலத்தில் அத்தகைய ஏரிகளின் உறைந்த மேற்பரப்பில் அடுக்கடுக்காகச் சிக்கியிருக்கும் வெண்ணிறக் குமிழிகள் அந்த வாயுவே. 100 ஆண்டுக் கணக்கில், எடைக்கு எடை, மீத்தேனின் வெப்பமூட்டும் திறன் கார்பன் டை ஆக்சைடைவிட 25 மடங்குக்கும் அதிகம். எனவே ஏரிகள் பெருகுவதை நான் மிகுந்த கவலையோடு பார்க்கிறேன்.

கேள்வி: இதைக் "கால வெடிகுண்டு" என்கிறார்களே, சரியா?

பதில்: அந்தச் சொல்லாட்சியை நான் ஏற்பதில்லை. ஒரே நாளில் வெடித்துத் தீர்வதன்று இது; பல நூற்றாண்டுகளுக்கு நீளும் கசிவு. புவி வெப்பம் ஒவ்வொரு டிகிரி உயரும்போதும் 2100க்குள் சுமார் 18 பில்லியன் டன் கரிமம் கார்பன் டை ஆக்சைடாக வெளியேறலாம் என்பது ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2021 மதிப்பீடு; ஆனால் அது 3 முதல் 41 வரை எங்கும் இருக்கலாம். புதைபடிவ எரிபொருள்களால் நாம் ஆண்டுதோறும் வெளியிடுவதே சுமார் 10 பில்லியன் டன் கரிமம் என்பதால், முதற்பொறுப்பு இன்னும் நம்முடையதே.

கேள்வி: வெப்பம் கூடினால் செடிகள் பெருகி அதை ஈடுசெய்யாதா?

பதில்: ஓரளவே. மண்ணை வெயிலிலிருந்து காக்கும் பாசிப் போர்வையைக் காட்டுத்தீ எரித்துவிடும்போது, இளகல் இன்னும் ஆழத்துக்கு இறங்குகிறது. காட்டுத்தீயின் உமிழ்வையும் கணக்கிட்டால், ஆர்க்டிக் தூந்திரம் எனப்படும் மரங்களற்ற துருவ நிலம் கரிமத்தை ஈர்ப்பதைவிட அதிகமாக வெளியிடத் தொடங்கிவிட்டது என்று அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா வெளியிட்ட 2024ஆம் ஆண்டின் ஆர்க்டிக் அறிக்கை தெரிவித்தது. மண் மீண்டும் உறைந்தாலும், வெளியேறிய கரிமம் திரும்பச் சேர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும்.