வாசகர் கேள்வி: ரஷ்யன் படித்தால் சோறு போடுமா?

அக்கா, இந்த வருஷம் பிளஸ் டூ முடித்திருக்கிறேன். தாத்தா சேர்த்து வைத்த பழைய சோவியத் புத்தகங்களைப் படித்துப் படித்து, ரஷ்ய மொழியும் இலக்கியமும் பட்டப்படிப்பாகவே எடுக்க வேண்டும் என்று ஆசை. வீட்டில் "அது சோறு போடுமா?" என்கிறார்கள். ரொம்பக் கஷ்டமான மொழி என்றும் பயமுறுத்துகிறார்கள். எங்கே படிக்கலாம்?
— மாணவி, திருவொற்றியூர்

சோற்றை முதலில் பேசிவிடுவோம், அது முடியாமல் வீட்டில் வேறு எதுவும் காதில் ஏறாது. ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் செய்கிற டி-90 ரஷ்ய வடிவமைப்பு. கூடங்குளத்தில் ஓடுவது ரஷ்ய அணு உலைகள், இன்னும் கட்டிக்கொண்டும் இருக்கிறார்கள். சென்னைக்கும் விளாதிவஸ்தோக்குக்கும் நடுவே நேர்க் கப்பல்வழி என்று 2019-ல் இரண்டு நாடும் கையெழுத்துப் போட்டன. நம்ம மருந்துக் கம்பெனிகள் ரஷ்யாவில் மாத்திரை விற்க வேண்டுமென்றால் கட்டுக்கட்டாகக் காகிதம் ரஷ்ய மொழியில் போக வேண்டும். ஆக, மொழிபெயர்ப்பாளருக்குத் தேவை இருக்கிறது. ஆனால் இங்கெல்லாம் உன்னிடம் புஷ்கின் கவிதையைக் கேட்கமாட்டார்கள். வால்வு, பம்பு, வெல்டிங் இதற்கெல்லாம் ரஷ்யனில் என்ன என்றுதான் கேட்பார்கள். பட்டம் வாங்கிய மறுநாள் வேலை வாசலில் நிற்காது. இலக்கியத்தோடு தொழில் சார்ந்த மொழிபெயர்ப்பையும் கூடவே பழகிக்கொண்டால் பிழைத்துக்கொள்ளலாம், அப்படிச் செய்யாமல் வெறும் சான்றிதழோடு அலைகிறவர்களைப் பார்த்துத்தான் உன் வீட்டார் பயப்படுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

அடுத்து, கஷ்டமா? ஆமாம், ஆனால் ஊர் பயமுறுத்துகிற இடத்தில் இல்லை. எழுத்து 33, நம்ம 247-ஐப் பார்த்தவளுக்கு அது ஒரு வாரம். கொஞ்சம் ஏமாற்றும்: ஆங்கில 'பி' போலிருப்பது 'ர', 'எச்' போலிருப்பது 'ந', 'சி' போலிருப்பது 'ஸ'. வேற்றுமை ஆறு என்றதும் ஆங்கில வழியில் படித்தவர்கள் மிரள்வார்கள், நமக்கு எட்டு இருக்கிறதே! வீட்டை, வீட்டுக்கு, வீட்டில் என்று கடைசியில் ஒட்டுவது நமக்குப் பிறவியிலேயே வந்தது. "இது வீடு" என்று நாம் சொல்வது மாதிரியே அவர்களும் நடுவில் ஒன்றும் போடாமல் சொல்வார்கள். "படித்தேன்", "படித்துவிட்டேன்" இரண்டுக்கும் உனக்கு வித்தியாசம் தெரியும் அல்லவா, அதே மாதிரி ஒரு ஜோடி அவர்களுடைய வினைச்சொல்லில் பெரும்பாலும் உண்டு.

அப்புறம் எங்கே உதைக்கும் என்றால், "பெரிய வீட்டில்" என்னும்போது நமக்கு 'பெரிய' அசையாது, அவர்களுக்கு அதுவும் சேர்ந்து உருமாறும், அதுவும் ஆண்பால், பெண்பால், இரண்டிலும் சேராத ஒரு மூன்றாம் பால் என்று பார்த்துப் பார்த்து. நாற்காலிக்கு எதற்கு ஆண்பால் என்று கேட்டுக்கொண்டிருந்தால் பாடம் நகராது. இதைவிட மோசம் 'போவது'. தேரடியிலிருந்து மார்க்கெட்டுக்கு நடந்து போனால் ஒரு வினை, பஸ்ஸில் போனால் வேறு வினை. இப்போது போய்க்கொண்டிருந்தால் ஒன்று, தினமும் போய்வந்தால் இன்னொன்று. இதைச் சரியாகச் சொல்ல வர இரண்டாம் வருஷமே ஆகிவிடும். பயப்படாதே, எல்லோருக்கும் அப்படித்தான்.

எங்கே? டில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஆனர்ஸ் ரஷ்யன் இருக்கிறது, க்யூட் நுழைவுத்தேர்வு எழுத வேண்டும், ஓர் எழுத்துகூடத் தெரியாமலே சேரலாம். ஹைதராபாத்தில் இஃப்ளு என்கிற ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகத்திலும் ரஷ்யன் துறை உண்டு, திருவனந்தபுரத்தில் கேரளப் பல்கலைக்கழகத்திலும் உண்டு. முதல் வருஷம் பெரும்பாலும் மொழிதான். தல்ஸ்தோயை மூலத்தில் தொட அவசரப்படாதே, செகாவின் குட்டிக் கதைகள்தான் முதலில் வசப்படும்.

அதற்கு முன்னால் ஒன்று செய். ஆழ்வார்பேட்டை கஸ்தூரி ரங்கன் சாலையில் ரஷ்ய மாளிகை என்கிற ரஷ்யப் பண்பாட்டு மையம் இருக்கிறது, அங்கே மொழி வகுப்பு நடத்துகிறார்கள். உங்க ஊரிலிருந்து மெட்ரோ ஏறித் தேனாம்பேட்டையில் இறங்கினால் பக்கம். ஒரு தொடக்கநிலை வகுப்பு முடித்த பிறகும் ஆசை அப்படியே இருந்தால் டில்லிக்கு விண்ணப்பம் போடு. தாத்தாவின் புத்தகங்களால் வந்த ஆசைக்கு வினை வாய்பாட்டைத் தாங்கும் பொறுமை இருக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

மேடம், என் மகனை ரஷ்யாவிலேயே மொழியும் இலக்கியமும் படிக்க வைப்பதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். கையில் பணம் கேட்கிறார். நம்பலாமா?
— ஒரு தாய், வியாசர்பாடி

அம்மா, பணத்தை இப்போதைக்குக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ரஷ்ய அரசே இந்திய மாணவர்களுக்கு வருஷாவருஷம் உதவித்தொகை இடங்கள் ஒதுக்குகிறது, அதற்கு விண்ணப்பிக்க ஏஜென்ட் தேவையில்லை, விவரத்தை நான் மேலே சொன்ன ரஷ்ய மாளிகையிலேயே கேட்கலாம். அந்த உதவித்தொகையில் கல்விக் கட்டணம் கிடையாது, ஆனால் விமானச் செலவும் சாப்பாட்டுச் செலவும் உங்கள் தலையில்தான். ரஷ்யன் தெரியாமல் போகிற பையன் பொதுவாக முதல் ஒரு வருஷம் மொழி ஆயத்த வகுப்பில் உட்கார வேண்டும், அதற்குப் பிறகுதான் நான்கு வருஷப் பட்டம். மாஸ்கோவில் புஷ்கின் பெயரில் ஒரு கல்வி நிறுவனம் வெளிநாட்டவருக்கு ரஷ்யன் சொல்லித்தரவென்றே 1966-லிருந்து இருக்கிறது, அதையும் கேட்டுப் பாருங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். 2022-லிருந்து இங்கே வங்கியில் வாங்கிய விசா கார்டும் மாஸ்டர் கார்டும் அங்கே வேலை செய்வதில்லை, பணம் எப்படி அனுப்பப்போகிறீர்கள் என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். அதைவிட முக்கியம்: வேலை, படிப்பு என்று போன இந்தியர்களில் சிலர் அந்த நாட்டுப் படையில் சேர்க்கப்பட்டு உயிரிழந்தும் இருக்கிறார்கள், நம் வெளியுறவு அமைச்சகமே எச்சரித்திருக்கிறது. ரஷ்ய மொழியில் இருக்கிற எந்தக் காகிதத்திலும், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வேறு ஒருவர் படித்துச் சொல்லாமல் பையன் கையெழுத்துப் போடக்கூடாது. சேர்க்கைக் கடிதம் வந்தால் ஏஜென்ட் தருகிற நம்பருக்கு இல்லாமல் பல்கலைக்கழகத்துக்கே எழுதி உறுதி செய்துகொள்ளுங்கள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். இந்த வயதில் மொழி கற்க முடியாது. தமிழில் வந்ததைப் படித்தாலே போதாதா? பெயர்கள்தான் குழப்புகின்றன.
— வாசகர், ராயபுரம்

தாராளமாகப் போதும் ஐயா. தல்ஸ்தோய் நாவலை மாஸ்கோவிலேயே உட்கார்ந்து மொழிபெயர்த்த ரா. கிருஷ்ணையாவின் 'புத்துயிர்ப்பு' இருக்கிறது, தஸ்தயேவ்ஸ்கி நாவலை மொழிபெயர்த்த எம்.ஏ. சுசீலாவின் 'அசடன்' இருக்கிறது, எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம். பெயர் குழப்பத்துக்கு வழி சொல்கிறேன்: நடுப்பெயர் அப்பா பெயர். ஃபியோதர் மிகைலவிச் தஸ்தயேவ்ஸ்கி என்றால் மிகைலின் மகன் ஃபியோதர், நம்ம இனிஷியலை விரித்து எழுதினால் எப்படியோ அப்படி. மரியாதையாகக் கூப்பிடும்போது முதல் பெயரும் அப்பா பெயரும் மட்டும் வரும், வீட்டில் செல்லப்பெயர் வரும். 'குற்றமும் தண்டனையும்' நாவலில் ரஸ்கோல்னிகவ், ரோதியோன் ரொமானவிச், ரோத்யா மூவரும் ஒரே ஆள். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு பட்டியல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஐம்பது பக்கம் தாண்டினால் அதைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்காது.