போன் எடுக்காத நண்பன்

மதிப்பிற்குரிய அம்மா,

எனக்கு வயது 64, பாளையங்கோட்டையில் இருக்கிறேன். நானும் என் நண்பனும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாக இருந்தவர்கள். மனைவி போன பிறகு, வாத்தியார் பென்ஷனை வைத்துக்கொண்டு அவன் டவுனிலேயே இருந்திருக்கலாம். ஆனால் திருச்செந்தூர் பக்கம் குதிரைமொழித் தேரியை ஒட்டி, அவன் அப்பா பனையேறிய காலத்தில் கருப்பட்டி காய்ச்சிய விடிலியை, அந்த ஓலைக் குடிசையைச் சரிசெய்து அங்கேயே தங்கிவிட்டான்.

அது மனிதன் தனியாக இருக்கிற இடமே இல்லை. கண்ணுக்கெட்டிய வரை செம்மணல். ஆடிக் காற்றில் நேற்று நடந்த தடம் இன்று இருக்காது. ராத்திரி பனையோலை உரசினால் ஆட்கள் நடந்து வருவது போலவே கேட்கும். ஒருமுறை தங்கிவிட்டு விடியும் வரை நான் கண் மூடவில்லை. அவனோ, "எனக்கு இதுதான் சரி" என்கிறான்.

என் மகள் கல்யாணத்துக்கு வரவில்லை. போன் எடுப்பதில்லை, எடுத்தாலும் "சரி, சரி" என்று வைத்துவிடுகிறான். போன தடவை பதநீர் கொடுத்தான், அதுவும் புளித்துக் கிடந்தது. கலயத்தில் சுண்ணாம்பு தடவவில்லையாம். எனக்குக் கொடுக்கிற மரியாதை அவ்வளவுதான். "அம்மா சொகமா இருக்காவளால?" என்று ஒரு விசாரிப்பு வேறு, அம்மாவின் பாடைக்குத் தோள் கொடுத்தவனே அவன்தான். அவ்வளவு அக்கறை! கல்யாணத்துக்கு வர மட்டும் முடியவில்லை. "விட்டுத் தள்ளுங்க" என்கிறாள் என் மனைவி. 50 வருஷத்துக்கு மேலான நட்பை எப்படி விடுவது? ஆனால் போன்கூட எடுக்காதவனிடம் நான் ஏன் போய் நிற்க வேண்டும்?

— ஒரு வாசகர்

அன்புள்ள ஐயா,

கல்யாணத்தை இரண்டு தடவை எழுதியிருக்கிறீர்கள். அம்மாவை விசாரித்ததை ஒரே வரியில், அதுவும் கிண்டலாகக் கடந்துவிட்டீர்கள். எனக்கு அதற்கு மேல் படிக்க ஓடவில்லை. பாடைக்குத் தோள் கொடுத்தவர் இறந்தவரை நலம் விசாரிக்கிறார் என்றால் அது அக்கறைக் குறைவா? சுண்ணாம்பு இல்லாவிட்டால் பதநீர் கள்ளாகிவிடும் என்பது பனையேறி வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். அதை மறந்ததை நீங்கள் அவமரியாதைக் கணக்கில் எழுதிவிட்டீர்கள். உங்கள் நண்பருக்கு நினைவு தப்புகிறதோ என்று எனக்குச் சந்தேகம். அது உங்களுக்கும் தோன்றாமல் இருந்திருக்காது. கோபமாக வைத்துக்கொள்வது உங்களுக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கிறது.

மண்டபம் நிறைய ஆட்கள். எதிரே வருகிறவர் பெயர் வாயில் வரவில்லை. அந்தப் பயம் உள்ளவர் கல்யாணத்துக்கு எப்படி வருவார்? பேச்சு நடுவில் தொலைந்துபோகிறவர் போனில் "சரி, சரி" என்பதைத் தவிர வேறு என்ன சொல்வார்? அவருக்குத் தேரி நிஜமாகவே பிடித்திருக்கலாம். யாரும் கேள்வி கேட்காத இடம் என்பதாலும் பிடித்திருக்கலாம். வாழ்நாளெல்லாம் பாடம் நடத்தியவருக்கு மறதி பெரிய வெட்கம் ஐயா.

கடிதத்தைப் படித்து நோய்க்குப் பெயர் வைக்க முடியாது. உடனே அல்சைமர் என்று பதறவும் வேண்டாம். தைராய்டு குறைவு, பி12 குறைவு, மனைவி போன துக்கத்திலிருந்து மீளாத மனச்சோர்வு, இவற்றிலும் மறதி வரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

நீங்கள் ஏன் போய் நிற்க வேண்டும் என்பதில் நான் உங்கள் பக்கம் இல்லை. நேற்றைய தடம் இன்று இருக்காது என்று நீங்களே எழுதிய மணலில் அவர் ஒற்றை ஆளாக இருக்கிறார். யார் முதலில் இறங்கி வருவது என்ற கணக்கெல்லாம் இப்போது வேண்டாம். போங்கள். கல்யாணப் பேச்சை எடுக்காதீர்கள். "நான் யார் சொல்லு பார்ப்போம்" என்று சோதிக்கவும் செய்யாதீர்கள். "ரெண்டு பேருக்கும் வயசாச்சு, சேர்ந்து போய் ரத்தப் பரிசோதனை செஞ்சிட்டு வருவோம் வால" என்று கூப்பிடுங்கள். உங்களுக்கும் அது தேவைதானே. மருத்துவரிடம் அம்மாவை விசாரித்ததையும் சுண்ணாம்பையும் மறக்காமல் சொல்லுங்கள். அவர் இன்னும் மரம் ஏறுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. ஏறினால் முதலில் அதை நிறுத்த வேண்டும்.

தேரியை விட்டு வரச் சொல்வதா, அங்கேயே யாரையாவது துணைக்கு வைப்பதா என்பதெல்லாம் முடிவுகள் வந்த பிறகு, அவரையும் உட்காரவைத்துப் பேச வேண்டியவை. அப்புறம் அவருக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.