இடவப்பாதிக்கு முன் அறுக்க வேண்டிய சக்கை

கேள்வி: குலசேகரத்துக்கு அருகில் வசிக்கிறோம். கணவருக்கு ரப்பர் பால்வெட்டு வேலை. மழை பிடித்துவிட்டால் ஆனி, ஆடி இரண்டு மாதமும் வாரத்தில் இரண்டு நாள் வேலை கிடைப்பதே அரிது. முற்றத்தில் ஒரு வருக்கைச் சக்கை (பலா) மரமும் ஒரு கூழன் சக்கை மரமும் நிற்கின்றன. ஆண்டுதோறும் பாதிக்கு மேல் பழுத்து விழுந்து அழுகுகின்றன. பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் இருவரும் தினமும் ஆளுக்கொரு பத்து ரூபாய் பாக்கெட் கேட்கிறார்கள். சக்கையைக் கொண்டே அந்த மாதங்களைச் செலவில்லாமலும் ருசியாகவும் கழிக்க வழி உண்டா? எதை எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்? சர்க்கரை நோய் உள்ள மாமியாருக்குச் சக்கை கொடுக்கலாமா? மரத்தை மொத்தமாக வியாபாரிக்கு விட்டுவிடுவதே மேல் என்கிறார் கணவர்.

பதில்: உங்கள் கடிதம் சித்திரை இரண்டாம் வாரத்தில் வந்தது நல்லதாயிற்று, இதுவே ஆனியில் வந்திருந்தால் நான் சொல்லக்கூடியதில் பாதி பயனற்றுப் போயிருக்கும். சக்கைக்கு விலையில்லாமல் போவது அது மட்டமான பண்டம் என்பதால் அன்று, எல்லா வீட்டு மரங்களிலும் ஒரே சமயத்தில் பழுப்பதால்தான். (வடக்கே இருந்து இதைப் படிப்பவர்களுக்காக ஒரு சொல்: குமரி மாவட்டத்தில் சக்கை என்றால் பலா, பிழிந்துபோட்ட கழிவு அன்று.) களியக்காவிளைக்கு அப்பால், கேரளத்தில், 2018இல் அதை மாநிலப் பழமாக அறிவித்தார்கள், தமிழ்நாட்டின் மாநிலப் பழமும் அதுவே, ஆனாலும் எல்லையின் இருபுறமும் மரத்தடியில் ஈ மொய்த்துக் கிடப்பதில் வேறுபாடு ஒன்றும் இல்லை. ஆகவே உங்களுக்குக் குறைவாக இருப்பது சக்கை அல்ல, வெயில்தான். இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) இறங்குவதற்கு ஏறத்தாழ ஐந்து வாரம் இருக்கிறது. அதிலும் பிற்பகல் கோடை மழை சில நாட்களைத் தின்றுவிடும். மிஞ்சும் நாட்களில் எந்தக் காயை எப்போது அறுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே உங்கள் ஆனி, ஆடிச் செலவு அமையும்.

முதலில் இரண்டு மரங்களுக்கும் வேலையைப் பிரித்துக்கொடுங்கள். வருக்கையின் சுளை கட்டியானது; ஆகவே அதைப் பழுக்கவிடாமல் விளைந்த காயாகவே அறுத்து வற்றல் போடலாம். கூழன் பழுத்தபின் குழைந்துவிடும். அதை வற்றலுக்கு எடுத்தால் ஏமாற்றமே மிஞ்சும், ஆனால் அப்பத்துக்கும், வெல்லம் சேர்த்துக் கிண்டும் வரட்டிக்கும் அதற்கு நிகர் இல்லை. காய் விளைந்ததா என்பதை முள்ளைப் பார்த்து அறியலாம்: பிஞ்சில் நெருக்கமாகவும் கூர்மையாகவும் இருக்கும் முட்கள், விளைய விளைய ஒன்றைவிட்டு ஒன்று விலகி, முனை மழுங்கி அகன்றிருக்கும். மணம் சற்றும் வராமல் இருக்கும் காயே வற்றலுக்கு உரியது. அறுத்துப் பார்க்கையில் சுளை வெளிறிய வெண்மையிலோ இளமஞ்சளிலோ இருக்க வேண்டும். உள்ளே கொட்டையின் தோல் கட்டிப்பட்டிருக்க வேண்டும். மணம் வரத் தொடங்கிய காயில் இனிப்பு ஏறியிருக்கும். அது காயும்போது பிசுபிசுக்கும், நிறமும் கறுக்கும்.

வற்றல் போடும் முறை எளிதுதான், ஆனால் இரண்டு இடங்களில் அவசரம் கூடாது. சுளைகளைக் கொட்டை நீக்கி விரல் அகலத்தில் கீறிக்கொள்ளுங்கள். அகன்ற பாத்திரத்தில் உப்பும் சிறிது மஞ்சள்பொடியும் சேர்த்துத் தண்ணீரைத் தளதளவெனக் கொதிக்கவிட்டு, கீறிய சுளைகளை அதில் போட்டு இரண்டு மூன்று நிமிடத்தில் அரித்தெடுத்து வடியவிடுங்கள். முதல் அவசரம் இங்கேதான்: இந்தக் கொதிநீர்ப் பதத்தைத் தவிர்ப்பவர்கள் பலர். கறுத்துப்போகச் செய்யும் நொதிகள் இதில்தான் செயலிழக்கின்றன. மேலே ஒட்டியிருக்கும் கிருமிகள் மடிவதும், காய்வதற்கு ஆகும் நேரம் குறைவதும் இதனால்தான். பிறகு வெள்ளைத் துணியிலோ பாயிலோ ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, நல்ல வெயிலில் மூன்று நான்கு நாள் காயவிடுங்கள். மாலையில் பனி விழும் முன் உள்ளே எடுத்துவிட வேண்டும். வளைத்தால் வளையாமல் ‘படக்’கென்று ஒடிய வேண்டும், அதுதான் பதம். ஒரு கிலோ பச்சைச் சுளை காய்ந்தபின் கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவே நிற்கும் என்பதால், நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு பருவத்துக்கு இருபது கிலோ சுளையாவது போட்டால்தான் டப்பா நிறைந்த நிறைவு கிடைக்கும்.

இரண்டாவது அவசரம் அடைப்பதில் வருவது. வெயிலில் இருந்து எடுத்த சூட்டோடு டின்னில் போட்டு மூடினால் வற்றல் உள்ளேயே வேர்த்துவிடும். பயிற்சி வகுப்புகளில் இதை ஆண்டுக்கணக்காகச் சொல்லிக்கொடுத்த நானே, ஒருமுறை மழைமேகத்தைக் கண்டு பதறி அப்படி மூடிவைத்து, பத்தாம் நாள் திறந்தபோது மூன்று கிலோ வற்றலும் பச்சைப் பூசணம் பூத்திருக்கக் கண்டேன். அன்று முதல், நிழலில் முழுதும் ஆறவைத்து அடைப்பதும், ஒரு வாரம் கழித்துத் திறந்து பார்ப்பதும் என் வழக்கமாயிற்று; மூடியின் உட்புறம் ஈரம் தட்டினாலோ துண்டுகள் ஒட்டிக்கொண்டாலோ மறுபடியும் ஒரு நாள் வெயில் காட்ட வேண்டும். பூசணம் பிடித்ததைத் துடைத்து மறுபடி காயவைத்துச் சமைக்கலாம் என்று எண்ணிவிடாதீர்கள். சில பூசணங்கள் விடும் நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது, அந்த டின்னில் உள்ளதை முழுதுமாகக் கொட்டிவிடுவதே முறை. மழை நாளில் காயாமல் நின்றுபோன வற்றலை விறகடுப்புக்கு மேலே பரணில் தட்டு வைத்து ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையில் ‘அங்கே சூடு இருக்கிறதே’ என்று கொண்டுபோய் வைக்க வேண்டாம். ஷீட் உறையவைக்கும் ஆசிடின் நெடியும் புகையின் கரியும் உணவுக்கு ஆகாதவை. சரியாகக் காய்ந்து அடைத்த வற்றல் ஆறு மாதம் தாராளமாக இருக்கும், ஃபிரிட்ஜே தேவையில்லை.

கள்ளக் கர்க்கடகம் என்று நம் பெரியவர்கள் சொல்லும் அந்த ஆடி மாதத்தில் இந்த வற்றலை இரவே ஊறப்போட்டு, காலையில் வேகவைத்து, தேங்காய், சீரகம், பூண்டு, பச்சைமிளகாய் ஒன்றிரண்டாக அரைத்துச் சேர்த்துக் கிண்டினால் காலைச் சாப்பாடு முடிந்துவிடும். தொட்டுக்கொள்ள மீன் வேண்டுமே என்பீர்கள். நம் மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடை இருப்பதால் அந்தச் சமயம் மீன் விலை ஏறித்தான் கிடக்கும். இப்போதே சாளை (மத்தி)க் கருவாடு கொஞ்சம் வாங்கி வைத்துக்கொள்வது கெட்டிக்காரத்தனம்.

சக்கை என்றதும் எல்லோர் மனத்திலும் வருவது எண்ணெயில் பொரித்த சிப்ஸ். அதன் ருசியை நான் மறுக்கவில்லை. ஆனால் செலவைக் குறைக்க வேண்டிய வீட்டில் அது தவறான தேர்வு என்பது என் எண்ணம். பொரித்தெடுத்ததன் எடையில் கால் பங்குக்கு மேல் எண்ணெய்தான் இருக்கும். தேங்காய் எண்ணெய் விற்கும் விலையில், காசில்லாமல் கிடைத்த சக்கைக்குக் கடைச் சிப்ஸின் விலையைக் கொடுத்தது போல் ஆகிவிடும். ஓணத்துக்கோ பிறந்தநாளுக்கோ ஒருமுறை போட்டுக்கொள்ளுங்கள்.

கொட்டையைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. பெரும்பாலும் எறிந்துவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு சக்கையில் நூறு கொட்டைக்குக் குறையாது. அவற்றின் வழுவழுப்பைக் கழுவி, நிழலில் உலர்த்தி, ஒரு மண்பானையில் காய்ந்த மணல் ஒரு அடுக்கு, கொட்டை ஒரு அடுக்கு என மாற்றி மாற்றிப் போட்டு வைத்தால் இரண்டு மூன்று மாதம் கெடாது. கிழங்கு விலை ஏறும் மழைக்காலத்தில் உருளைக்கிழங்குக்குப் பதிலாக இதுவே போதும். மாங்காயோடு சேர்த்த குழம்பும், முருங்கைக்கீரையோடு சேர்த்த துவரனும் (பொரியல்) உங்களுக்கே தெரிந்தவை. பச்சையாகத் தின்னக் கூடாது. புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் அதில் உண்டு, வெந்தால் அது அழிந்துவிடும். வாயுத் தொல்லைக்கு நல்லமிளகும் பூண்டும் கை தாராளமாகப் போடுங்கள்.

பிள்ளைகளின் பத்து ரூபாய்க்கு மாற்று இந்தப் பானையில் இருந்தே தொடங்கலாம். சாயங்காலம் அடுப்பு அணைந்தபின் கிடக்கும் தணலில் கொட்டைகளைப் புதைத்துவையுங்கள். புதைக்கும் முன் ஒவ்வொன்றின் தோலிலும் கத்தி முனையால் ஒரு கீறல் போட மறக்காதீர்கள்; இல்லாவிட்டால் பட்டாசுபோல் வெடித்துச் சாம்பலை முகத்தில் அடிக்கும். கால் மணி நேரத்தில் வெளித்தோல் கருகி விண்டுகொள்ளும். ஊதி ஊதி உரித்தால் உள்ளே மாவாய் வெந்திருக்கும், மேலே கல்லுப்புத் துளி போதும். வெளியே மழை கொட்டும்போது சாம்பல் கையோடு அடுப்படியில் உட்கார்ந்து உரித்துத் தின்ற பிள்ளைகள் அன்றைக்குப் பாக்கெட் கேட்டு நான் பார்த்ததில்லை. மறுநாள் கேட்பார்கள், அது வேறு.

மறுநாளுக்குத்தான் கூழன் இருக்கிறது. பழுத்த சுளையைக் கொட்டை நீக்கி, கண்ணறையில் (சல்லடையில்) தேய்த்து நாரைக் களைந்தால் தேன்போல் கூழ் கிடைக்கும். அந்தக் கூழ் இரண்டு கப், வறுத்த பச்சரிசி மாவு இரண்டு கப், வெல்லம் ஒரு கப், துருவிய தேங்காய் அரை கப், சிறிது சுக்கும் ஏலமும் சேர்த்துப் பிசைந்து, தெரளி இலையைக் கூம்பாகச் சுருட்டி அதில் நிரப்பி, ஈர்க்கில் குத்தி, இட்லிப் பானையில் இருபத்தைந்து நிமிடம் அவித்தெடுங்கள். இலையின் கிராம்பு கலந்தது போன்ற மணம் மாவுக்குள் இறங்கியிருக்கும். தெரளி கிடைக்காவிட்டால் வாழையிலை போதும், மணம் மட்டும் வராது. அப்பம் அன்றைக்கே தீர்ந்துவிட வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்தால் இன்னொரு நாள்.

நீண்ட நாள் இருக்க வேண்டுமென்றால் வரட்டி. இதில்தான் கையைவிட்டுக் காசு போகும். இரண்டு கிலோ கூழுக்கு ஒரு கிலோ வெல்லமும் நூறு கிராம் நெய்யும் வேண்டும். வெல்லம் கிலோ எழுபது ரூபாய் என்றும், நெய்க்கு மேலும் எழுபது ரூபாய் என்றும் வைத்துக்கொண்டாலும் நூற்றுநாற்பதுதான், இரண்டு பிள்ளைகளின் பாக்கெட்டுக்கோ மாதம் அறுநூறு. விறகு உங்களுக்கு ரப்பர் தோட்டத்தில் இருந்தே வந்துவிடும். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, கூழோடு உருளியில் சேர்த்து, ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் கிண்டுங்கள். அடிபிடித்தால் எல்லாம் வீண். சிறிது எடுத்து ஆறவைத்து உருட்டினால் விரலில் ஒட்டாமல் வர வேண்டும், தண்ணீரில் போட்டால் கரையக் கூடாது. தண்ணீர் வற்றி இனிப்பு செறிவாக இருப்பதே அதைக் காப்பது. ஆகவே பதம் வரும் முன் கைவலிக்கிறது என்று இறக்கிவிட்டால் பதினைந்து நாளில் புளித்துவிடும், பதமாக இறக்கியது ஓணம் கடந்தும் இருக்கும். எடுக்கும் கரண்டி ஈரமில்லாமல் இருக்க வேண்டும். ஒரு கரண்டி வரட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்தால் அரைமணி நேரத்தில் பாயசம்; விருந்தாளி வந்தால் பேக்கரிக்கு ஓட வேண்டியதில்லை.

மாமியாரின் விஷயத்தில் சற்றுக் கவனம் வேண்டும். பச்சைச் சக்கை சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள், குணமாக்காது. பழத்தைவிடக் காயில் இனிப்பு குறைவு, நார்ச்சத்தும் உண்டு, ஆனால் மாவுச்சத்து இருக்கிறது. ஆகவே வற்றல் கிண்டியதைச் சோற்றுக்கும் மரச்சீனிக்கும் (மரவள்ளிக்கிழங்கு) பதிலாக ஒரு கிண்ணம் கொடுக்கலாம், அவற்றோடு கூடுதலாகக் கொடுக்கக் கூடாது. பழுத்த சுளை இரண்டுக்கு மேல் வேண்டாம். வரட்டியும் அப்பமும் அவருக்கு உரியவை அல்ல. எதற்காகவும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. சிறுநீரகத்தில் குறை இருப்பதாக மருத்துவர் எப்போதாவது சொல்லியிருந்தால், சக்கையில் பொட்டாசியம் மிகுதி என்பதால், அவரைக் கேட்காமல் ஒரு சுளையும் கொடுக்காதீர்கள்.

வியாபாரியைப் பற்றிக் கணவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. உச்சிக் கிளையில் உள்ள காய்களைப் பறிக்க ஆள் ஏறியாக வேண்டும். ஏறுகூலி கொடுத்தால் சக்கை இனாம் என்ற கணக்கே தப்பிவிடும், தானாக விழுந்தால் சிதறி ஒன்றுக்கும் உதவாது. ஆகவே வருக்கையின் உச்சிக் காய்களை மட்டும், எண்ணிக்கை பேசி, பறிப்பது அவர் பொறுப்பு என்று சொல்லி விட்டுவிடுங்கள். அடிமரத்திலும் கீழ்க்கவட்டிலும் கைக்கு எட்டுவன வீட்டுக்கு. வரும் மாசி, பங்குனியில் அந்தக் கீழ்க்காய்கள் நெருக்கமாகப் பிடித்திருந்தால், கொத்துக்கு ஒன்றிரண்டை விட்டு மற்றவற்றை இடிச்சக்கையாகவே (பிஞ்சாகவே) பறித்துத் துவரனுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். நிற்பவை பருத்து விளையும், சித்திரையில் வெயிலோடு போட்டிபோட்டு இருபது காயை ஒருசேர அறுக்கும் பாடும் குறையும்.